“கூட யார் வந்திருக்கீங்க?”: புற்றுநோய்ச் செய்தியை மருத்துவர்கள் எப்படிச் சொல்கிறார்கள்

பயாப்சி ரிப்போர்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்ந்து, “கூட யார் வந்திருக்கீங்க?” என்று கேட்டால் பாதிச் செய்தி அங்கேயே சொல்லியாகிவிட்டது. சளிக்கும் காய்ச்சலுக்கும் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அடுத்து, “நீங்க கொஞ்சம் வெளியே உக்காருங்கம்மா” என்று நோயாளியை அனுப்பிவிட்டு மகனை உள்ளே கூப்பிடுவார்கள். பத்து நிமிடம் கழித்து மகன் முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வருவான். “ஒண்ணுமில்லம்மா, சின்னக் கட்டிதான். மருந்துலயே கரைச்சிரலாம்னு சொல்றாங்க.”

என் பெரியம்மாவுக்கு இது அப்படியே நடந்தது. பெரியம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, அதனால் கதவுக்கு மேலே இருந்த போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரியாது. ஆனால் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பெண்கள் தலையில் துணி கட்டியிருந்ததையும், துணிக்கு உள்ளே முடி இல்லாததையும் பார்த்துவிட்டார். அண்ணன் வெளியே வந்து கட்டிக் கதையைச் சொன்னபோது “சரிப்பா” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு ஏழு மாதம், அவருக்கு விஷயம் தெரியாது என்று நாங்கள் நடித்தோம். தனக்குத் தெரியும் என்பது எங்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதென்று அவர் நடித்தார். எங்களைவிட அவர் நன்றாக நடித்தார்.

அந்த டாக்டரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெளியே நாற்பது பேர் டோக்கனோடு நின்றிருந்தார்கள். அதோடு, இப்படி ஒரு செய்தியை எப்படிச் சொல்வது என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். நரம்பில் ஊசி ஏற்றுவதற்கு ஒரு முறை இருப்பதுபோல் இதற்கும் ஒரு முறை உண்டு, பழகினால் கை வரும் என்பதை மருத்துவ உலகமே ஒப்புக்கொண்டு ரொம்ப காலம் ஆகிவிடவில்லை.

எது கெட்ட செய்தி?

புற்றுநோய் என்ற சொல்லே கெட்ட செய்திதானே, இதில் விளக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ராபர்ட் பக்மேன் என்ற புற்றுநோய் மருத்துவர் 1984-ல் இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். ஒருவர் தன் எதிர்காலத்தைப் பற்றி என்ன நினைத்திருக்கிறாரோ, அதைக் கடுமையாகப் புரட்டிப்போடும் எந்தத் தகவலும் கெட்ட செய்திதான். இன்றுவரை பாடப்புத்தகங்களில் இதைத்தான் எடுத்தாள்கிறார்கள்.

கொஞ்சம் யோசித்தால் இதன் வீச்சு புரியும். செய்தி எவ்வளவு கெட்டது என்பதை ரிப்போர்ட்டை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. அவர் எதை எதிர்பார்த்து வந்தார், உண்மை எங்கே நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது அது. ஆறு மாதமாக வலியில் துடித்து, கேன்சர்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டி வந்தவருக்கு “ஆரம்ப நிலைதான், ஆபரேஷன் செய்யலாம்” என்பது நல்ல செய்தியாகவே விழலாம். 28 வயதுப் பெண் ஒருத்தி கேன்சர் என்றதைக்கூடத் தாங்கிக்கொண்டு, கீமோவுக்குப் பிறகு குழந்தை பிறப்பது சிரமமாகலாம் என்ற இடத்தில் உடைந்துபோகலாம். தறி ஓட்டுகிறவருக்கு, அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தபின் கை வீங்கக்கூடும் என்பதே பெரிய அடி.

இன்னொன்று. கெட்ட செய்தி ஒரு முறை மட்டும் வருவதில்லை. முதலில் நோய் இருப்பது தெரிகிறது. அப்புறம் அது பரவியிருப்பது தெரிகிறது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகு திரும்ப வருகிறது. ஒரு மருந்து கேட்காமல் போகிறது. கடைசியில், இனி கீமோ வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நாள் வருகிறது. முதல் தடவையைவிட, நோய் திரும்பி வந்த செய்திதான் தங்களை அதிகமாக உலுக்கியது என்று சொல்லும் நோயாளிகள் நிறைய.

மறைப்பதே மருந்து என்றிருந்த காலம்

வீட்டார் நோயாளியிடம் மறைப்பது நம் ஊர்ப் பழக்கம், வெள்ளைக்காரர்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மைதான். அமெரிக்க மருத்துவர் சங்கம் 1847-ல் வெளியிட்ட முதல் ஒழுக்க விதிகளைப் பார்த்தால், நோயாளியின் ஆயுளை மருத்துவரின் செயல் மட்டுமல்ல, அவர் சொல்லும் நடந்துகொள்ளும் விதமும்கூடக் குறைத்துவிடும், எனவே மனதைத் தளர்த்தும் பேச்சைத் தவிர்க்க வேண்டும் என்று இருக்கிறது. 1961-ல் சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 மருத்துவர்களிடம் கேட்டபோது, சுமார் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பினார்கள். 1979-ல் அமெரிக்காவிலேயே அதே மாதிரிக் கேள்வியை வைத்துக் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். பதினெட்டு வருடத்தில் தலைகீழ்.

நடுவே என்ன நடந்தது? கீமோவும் கதிர்வீச்சும் மேம்பட்டன, சொன்னால் கையோடு செய்யவும் ஏதோ இருந்தது. புது மருந்துகளைச் சோதிக்க நோயாளியின் கையெழுத்து தேவைப்பட்டது. எதற்குக் கையெழுத்து என்று சொல்லாமல் கையெழுத்து வாங்க முடியாது. நோயாளியின் உரிமை என்ற பேச்சும் நீதிமன்றம் வரை போனது.

நம் நாட்டில் நிலைமை இரண்டுங்கெட்டான். 2002-ல் வந்த இந்திய மருத்துவ கவுன்சில் ஒழுக்க விதிகள், நோயின் தீவிரத்தைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது என்கின்றன. யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில், நோயாளிக்கு, அவருடைய உறவினர்களுக்கு, அல்லது பொறுப்புள்ள நண்பர்களுக்கு என்று போகிறது வாக்கியம். அந்த ‘அல்லது’ என்ற ஒரு சொல்லில்தான் நம் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் புகுந்து வெளியே வருகின்றன. ஆனால் 2008-ல் உச்ச நீதிமன்றம் வேறொரு பக்கம் நின்றது. மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, அவசர நிலை எதுவும் இல்லாதபோது, தாயின் சம்மதத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அகற்றிய வழக்கு அது. தானே முடிவெடுக்கக்கூடிய வயது வந்தவர் ஒருவருக்காக, அவர் தற்காலிக மயக்கத்தில் இருந்தாலும், பெற்ற தாய்கூடச் சம்மதம் தர முடியாது என்றது தீர்ப்பு. அது புற்றுநோய் வழக்கு அல்ல. ஆனாலும், கீமோ படிவத்தில் என்னவென்று தெரியாமலே கையெழுத்துப் போடும் அம்மாக்களை நினைத்தால் அந்தத் தீர்ப்புதான் ஞாபகத்துக்கு வருகிறது.

ஆறு எழுத்தில் ஒரு முறை

பக்மேன் லண்டனில் பிறந்தவர். மருத்துவராக இருந்துகொண்டே டிவியில் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் வந்தவர். 1979-ல் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் தசைகளையே தாக்கும் நோய் வந்து, படுத்த படுக்கையாகிச் சாவின் விளிம்புவரை போய்த் திரும்பினார். கட்டிலின் அந்தப் பக்கமும் தெரிந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1985-ல் கனடாவின் டொராண்டோவுக்குக் குடிபெயர்ந்தார். அவரும், அமெரிக்காவின் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் பணியாற்றிய வால்டர் பெய்லும், இன்னும் சிலரும் சேர்ந்து 2000-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஆறு படிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதற்கு ‘ஸ்பைக்ஸ்’ என்று பெயர். இடத்தைத் தயார் செய்வது, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேட்பது, எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது, செய்தியைச் சொல்வது, வருகிற உணர்ச்சியைக் கவனிப்பது, அடுத்து என்ன என்று பேசுவது.

கவனித்தீர்களா, சொல்வது நாலாவது படியில்தான் வருகிறது. அதற்கு முன்னால் இரண்டு படிகள் முழுக்கக் கேட்பதற்கே. எனக்கு இந்த முறையில் பிடித்ததே இதுதான். எப்படிச் சொல்வது என்று தவிக்கிற ஒருவருக்கு, ‘முதலில் கேள்’ என்று பாடம் தொடங்குகிறது.

இடம் என்பதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்துவது, செல்போனைச் சைலண்டில் போடுவது, அடுத்த டோக்கன்காரர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருக்காமல் பார்த்துக்கொள்வது. முக்கியமாக, டாக்டர் உட்காருவது. அமெரிக்காவின் கான்சாஸில், முதுகெலும்பு அறுவை முடிந்த 120 நோயாளிகளைப் பார்க்கப் போன மருத்துவரைச் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தும் பேச வைத்துப் பார்த்தார்கள். உட்கார்ந்து பேசிய நேரம் உண்மையில் ஒரு நிமிடம் சொச்சம்தான், நின்று பேசியதைவிடக் கொஞ்சம் குறைவு. ஆனால் அந்த நோயாளிகள் டாக்டர் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தார் என்றார்கள். கூட்டம் நெரிகிற அரசு மருத்துவமனையில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு: தனி அறை கிடைக்காமல் போகலாம், ஒரு ஸ்டூல் கிடைக்கும்.

இனி ஒரு காட்சியைப் பார்ப்போம். இது கற்பனைதான். 54 வயது அம்மா. இடது மார்பில் கட்டி. பக்கத்தில் மகள். ரிப்போர்ட் மேசை மேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

“வாங்கம்மா, உக்காருங்க. இது உங்க பொண்ணா? நாம பேசும்போது அவங்க கூட இருக்கலாமா?”

“இருக்கட்டும் மேடம்.”

“இந்த டெஸ்ட் எதுக்கு எடுத்தோம்னு உங்களுக்கு என்ன சொன்னாங்க?”

“கட்டி இருக்கு, அதுல ஊசி போட்டு சதை எடுக்கணும்னாங்க. நீர்க்கட்டியா இருக்கும்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. ஆனா எங்க அக்காவுக்கும்…” நிறுத்திவிடுகிறார்.

“அக்காவுக்கு?”

“அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது.”

அந்த ஒரு கேள்விக்கு எத்தனை பதில்! இந்த அம்மாவுக்கு என்ன தெரியும், என்ன சொற்களில் யோசிக்கிறார், வெளியே நீர்க்கட்டி என்று சொன்னாலும் உள்ளே எதற்குப் பயப்படுகிறார் என்பதெல்லாம் வந்துவிட்டது. இனி டாக்டர் ‘கட்டி’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘மாலிக்னன்ஸி’யிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

“ரிசல்ட் வந்திருச்சும்மா. என்ன வந்திருக்குன்னு உங்ககிட்டயே விவரமா சொல்லட்டுமா? இல்ல, மேலோட்டமா சொல்லிட்டு மிச்சத்த உங்க பொண்ணுகிட்ட பேசணுமா?”

இதுதான் மூன்றாவது படி, அனுமதி கேட்பது. தெரிந்துகொள்ளும் உரிமை போலவே, தெரிய வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் நோயாளிக்கு உண்டு. “எனக்கு அதெல்லாம் வேண்டாம், பெரியவன்கிட்ட சொல்லிருங்க, அவன் பாத்துப்பான்” என்று அந்த அம்மா சொன்னால் அப்படியே செய்யலாம். மகனிடம் சொல்வது என்ற முடிவு அதேதான். ஆனால் இங்கே அதை எடுத்தவர் அவர். என் பெரியம்மா விஷயத்தில் அந்த முடிவை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

‘சீரியஸ், உடனே கிளம்பு’

சொல்லும்போது முதலில் ஒரு முன்னறிவிப்பு. “நாம எதிர்பார்த்த மாதிரி ரிசல்ட் இல்லம்மா.” சொல்லிவிட்டு ஒரு மூச்சு விடும் நேரம் நிறுத்த வேண்டும். இதை மேல்நாட்டுப் பயிற்சிகளில் தனியாக எடுத்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். நம் ஊரில் இது தந்தி காலத்திலேயே இருந்தது. ஊரில் அப்பா இறந்துபோயிருப்பார். வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போகிற தந்தியில் ‘அப்பா சீரியஸ், உடனே கிளம்பு’ என்றுதான் இருக்கும். இன்றும் போனில் அப்படித்தான். மகனுக்கும் பஸ்ஸில் வரும்போதே முக்கால்வாசி புரிந்துவிடும். அந்த ஆறு மணி நேரப் பயணத்தில் மனது மெல்லத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். டாக்டருக்கு ஆறு மணி நேரம் கிடையாது, ஆறு விநாடி கிடைக்கும். தந்திக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. இதற்கு அதுவும் வேண்டாம்.

அப்புறம் செய்தி. சுருக்கமாக, தெரிந்த சொல்லில். “அந்தக் கட்டி கேன்சர் கட்டிதான்னு ரிப்போர்ட்ல வந்திருக்கும்மா.” கேன்சர் அல்லது புற்றுநோய் என்ற சொல்லை ஒரு தடவையாவது தெளிவாகச் சொல்லியாக வேண்டும். ‘குரோத்’, ‘சி.ஏ.’, ‘லீஷன்’ என்பதெல்லாம் சொல்கிறவருக்கு வசதியான ஒளிவிடங்கள். இதில் மோசமான சொல் ‘பாசிட்டிவ்’. “ரிப்போர்ட் பாசிட்டிவா வந்திருக்கு” என்றதும் சிரித்த முகத்தோடு “ரொம்ப நன்றிங்க டாக்டர்” என்று எழுந்த ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். பாசிட்டிவ் என்றால் நல்லது என்றுதானே டிவியில் எல்லாரும் சொல்கிறார்கள்.

சொல்லியாயிற்று. இப்போது பேசாமல் இருக்க வேண்டும். ஆறு படியில் கஷ்டமானது இதுதான் என்று அனுபவப்பட்ட மருத்துவர்கள் சொல்வார்கள். மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது. அந்த அம்மா முந்தானை நுனியைச் சுருட்டுகிறார், விரிக்கிறார். மகளின் கை அம்மாவின் முழங்கை மேல் போகிறது. பத்து விநாடி டாக்டருக்குப் பத்து நிமிடம் போல் இருக்கும். வாயைத் திறந்து ஆபரேஷன், எட்டு கீமோ, கரண்ட் வைப்பது (கதிர்வீச்சு), ஹார்மோன் மாத்திரை என்று கொட்டிவிடத் தோன்றும். கொட்டினால் ஒன்றும் ஏறாது. ‘கேன்சர்’ என்ற சொல் காதில் விழுந்த பிறகு சொன்னவை எதுவுமே ஞாபகம் இல்லை என்பதை நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

மௌனத்தைக் கலைக்க நம்மிடம் தயாராக இருக்கும் சொற்கள் வேறு பிரச்சினை. “அழாதீங்க.” “தைரியமா இருங்க.” “ஆண்டவன் இருக்கான்.” நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் ‘தைரியமா இருங்க’ என்பது அப்போது ஒரு உத்தரவு மாதிரி கேட்கிறது, இனி நீங்கள் பயப்பட அனுமதி இல்லை என்பதுபோல. அதற்குப் பதில், கண்ணில் பட்டதைச் சொன்னால் போதும் என்கிறார்கள். “இதை நீங்க எதிர்பார்த்திருக்க மாட்டீங்க.” “அக்கா ஞாபகம் வந்திருச்சாம்மா?” அந்த இரண்டாவது கேள்வியில் அவர் உடைந்து அழக்கூடும். அழட்டும். டிஷ்யூ பெட்டியை அவர் பக்கம் தள்ளி வைப்பதும் மருத்துவம்தான்.

“நான் என்ன பாவம் செஞ்சேன் மேடம்?” என்று கேட்பார். அது தகவல் கேட்கும் கேள்வி அல்ல. மரபணு, கொழுப்பு, வயது என்று பதில் சொல்ல ஆரம்பித்தால் பாவமே பரவாயில்லை என்று ஆகிவிடும். “நீங்க செஞ்ச எதனாலயும் இது வரலம்மா” என்பதுதான் அப்போதைக்குப் பதில். புகையிலை போட்டு வாய்ப் புற்றுநோய் வந்தவரிடம் அப்படிச் சொல்ல முடியாது, சரி. அதற்காக அன்றைக்கே திட்டவும் வேண்டாம். அவர் தன்னை ஏற்கெனவே நிறையத் திட்டிக்கொண்டுதான் வந்திருப்பார்.

கடைசிப் படியான ‘அடுத்து என்ன’ என்பதில் நம் ஊர்க்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி பாடப்புத்தகத்தில் இருக்காது: “எவ்வளவு செலவாகும்?” அதற்கு அங்கேயே ஒரு பதில் இருக்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா, இல்லையென்றால் எந்தக் கவுன்ட்டரில் கேட்பது என்பதும் இந்தப் பேச்சில் சேர்த்திதான். அடுத்து எந்தத் தேதி, யாரைப் பார்ப்பது, நடுவில் சந்தேகம் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் வீட்டுக்குப் போனபின் அது ஒரு பிடிமானம்.

“அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீங்க டாக்டர்”

மேலே சொன்ன காட்சியில் மகள் சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள். பல நேரம் நடப்பது வேறு. நோயாளி உள்ளே வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் மகனோ மருமகனோ தலையை நீட்டி, “டாக்டர், அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தெரிஞ்சா அன்னைக்கே உசுரை விட்ருவாங்க” என்பார். குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து ரகசியம் காப்பது உலகம் முழுக்க உண்டு. நம் பக்கம் அது அன்பின் இலக்கணமாகவே ஆகிவிட்டது.

பழுத்த மருத்துவர்கள் இங்கே சட்டம் பேச மாட்டார்கள். மகனையும் உட்கார வைத்து, “சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்பார்கள். அங்கே வேறு கதைகள் வரும். அப்பா சாகும்போது பட்ட பாடு, ஊரில் ஒருவர் செய்தி கேட்டுக் கிணற்றில் விழுந்தது, தங்கச்சி கல்யாணம் நிச்சயமாகியிருப்பது. கேட்டு முடித்துவிட்டு டாக்டர் சொல்வது சாதாரணமாக இருக்கும்: “நானா போய்ப் பட்டுனு போட்டு உடைக்க மாட்டேன். ஆனா அவங்களுக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறாங்கன்னு அவங்ககிட்டயே கேப்பேன். வேண்டாம்னா விட்டுருவேன். அவங்களே நேரா கேட்டா பொய் சொல்ல மாட்டேன். நீங்களும் கூட இருங்க.” பெரும்பாலான மகன்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கும் அந்த மூட்டையைத் தனியாகத் தூக்கிக் கை வலிக்கத்தான் செய்கிறது.

ஏனென்றால் இந்த ரகசியம் காக்கக்கூடியதே இல்லை. ஆட்டோக்காரர் “கேன்சர் ஆஸ்பத்திரிதானேம்மா?” என்று கேட்பார். கீமோவில் முடி கொட்டும். பக்கத்துக் கட்டில்காரர் “உங்களுக்கு எத்தனாவது ஸ்டேஜ்?” என்பார். இப்போதெல்லாம் ரிப்போர்ட்டே டாக்டருக்கு முன்னால் நோயாளியின் வாட்ஸ்அப்புக்கு வந்துவிடுகிறது. பேத்தி கூகுளில் போட்டுப் பார்த்துவிடுகிறாள். ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் டிரிப்ஸ் மாற்ற வந்த நர்ஸிடம், “சிஸ்டர், எனக்குக் கேன்சரா?” என்று கேள்வி வரும். டாக்டர் என்ன சொல்லியிருக்கிறார் என்று தெரியாமல் அந்தப் பெண் திணறுவாள். சொன்னது என்ன, சொல்லாதது என்ன என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதி வைத்திருந்தால் அவள் பிழைத்தாள்.

அதற்காக, வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு நோயாளியிடம் மட்டும் பேசு என்பதை நம் ஊரில் நான் சொல்ல மாட்டேன். சாப்பாடு, செலவு, துணை என எல்லாமே குடும்பத்தின் தலையில்தான் விழுகிறது, பேச்சில் மட்டும் அவர்கள் இல்லையென்றால் எப்படி? ஜப்பானில் இதை யோசித்திருக்கிறார்கள். அமெரிக்க முறையை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் தங்கள் நோயாளிகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, ‘ஷேர்’ என்று ஒரு முறையை உருவாக்கினார்கள். குடும்பத்தாரின் மனநிலையையும் கவனிப்பது அதில் ஒரு பகுதி. நமக்கென்று ஒன்று வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

கெடு வைப்பது

“டாக்டர் மூணு மாசம் கெடு கொடுத்துட்டார்” என்று சொல்கிறோம். வட்டிக்காரன் வைக்கிற கெடு மாதிரி. உண்மையில் அந்தக் கணக்கில் மருத்துவர்கள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் அல்ல. 2000-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கடைசிக்காலப் பராமரிப்பில் சேர்ந்த 468 நோயாளிகளுக்கு 343 மருத்துவர்கள் சொன்ன கணக்கைச் சரிபார்த்தார்கள். கிட்டத்தட்டச் சரியாக வந்தது 20 சதவீதம்தான். 63 சதவீதம் கணிப்புகள் உண்மையைவிட அதிக நாளைக் காட்டின. டாக்டர்களும் நம்மைப் போல ஆசைப்படுகிறவர்கள்தான்.

சராசரி எண் வேறு வகையில் ஏமாற்றும். உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கோல்டுக்கு 1982-ல் வயிற்று உறையில் வரும் ஓர் அரிய புற்றுநோய் இருப்பது தெரிந்தது. புத்தகத்தைப் புரட்டினால் இடைநிலை ஆயுள் எட்டு மாதம் என்று இருந்தது. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள், மீதிப் பாதி அதற்கு மேல் இருக்கிறார்கள், அவர்களில் சிலர் வெகுகாலம் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்று அவர் கணக்குப் பார்த்துத் தன்னைத் தேற்றிக்கொண்டார். பிறகு இருபது வருடம் வாழ்ந்து 2002-ல் வேறொரு புற்றுநோயில் இறந்தார். எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் ஒற்றை எண் ஏன் கூடாது என்பதற்கு அவர் நல்ல சாட்சி. ஆகவே இப்போது பயிற்சியில், “சில வாரமா, சில மாசமா, வருஷக் கணக்கா என்று பார்த்தால் இது மாசக் கணக்கு” என்பதுபோல வீச்சாகச் சொல்லப் பழக்குகிறார்கள். ரொம்ப நல்லபடியாகப் போனால் இப்படி, மோசமாகப் போனால் இப்படி, நிறையப் பேருக்கு நடப்பது இப்படி என்று மூன்றையும் சேர்த்து.

நம்பிக்கையைக் கெடுக்கக் கூடாது என்று மழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2012-ல் அமெரிக்காவில், பரவிவிட்ட நுரையீரல் அல்லது பெருங்குடல் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 1,193 பேரிடம் கேட்டார்கள். அந்த நிலையில் கீமோ ஆயுளை நீட்டும், தொல்லையைக் குறைக்கும், நோயை முழுக்கக் குணமாக்க வாய்ப்பு மிகக் குறைவு. நுரையீரல்காரர்களில் 69 சதவீதம் பேருக்கும் பெருங்குடல்காரர்களில் 81 சதவீதம் பேருக்கும் இது புரிந்திருக்கவில்லை. அவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதாகச் சொல்லப்படும் நாட்டிலேயே! “மருந்துக்கு நல்ல ரெஸ்பான்ஸ் இருக்கு” என்று டாக்டர் சொல்வார். கட்டி சுருங்கியிருக்கிறது என்பது அவர் அர்த்தம். நோய் போய்விட்டது என்பது நமக்குக் கேட்பது.

அடுத்து, ‘டாக்டர் கையை விரிச்சுட்டார்’. இனி செய்ய ஒன்றுமில்லை என்ற பேச்சை மருத்துவர்கள் விட்டொழிக்க வேண்டும் என்று வலி மற்றும் நோய்த்தணிப்புச் சிகிச்சைக்காரர்கள் நீண்ட நாளாகச் சொல்கிறார்கள். மூச்சுத்திணறல், வலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் செய்ய இருக்கிறது. 2010-ல் பாஸ்டனில், பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரில் பாதிப் பேருக்கு, கீமோவோடு சேர்த்துத் தொடக்கத்திலிருந்தே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் கொடுத்தார்கள். அவர்கள் வாழ்ந்த நாள்கள் நிம்மதியாக இருந்தன, மனச்சோர்வு குறைவு. யாரும் எதிர்பாராதபடி, மற்றவர்களைவிட இரண்டரை மாதத்துக்கு மேல் கூடுதலாகவும் இருந்தார்கள்.

இந்தியாவில் 2019-ல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது, நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதையும் பாடமாகச் சேர்த்தார்கள். ஒருவர் நோயாளி வேடம் போட, இன்னொருவர் டாக்டராக நின்று சொல்லிப் பார்க்கிறார்கள். சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கும் என்று மாணவி ஒருத்தி என்னிடம் சொன்னாள். நோயாளியாக நடித்தவள் நடுவில் நிஜமாகவே அழுதுவிட, வகுப்பு அமைதியாகிவிட்டதாம்.

பெரியம்மாவுக்கு நோய் திரும்பி வந்தபோது வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். இளம் டாக்டர். அண்ணன் வழக்கம்போல முன்னால் போய்த் தலையை நீட்டினான். அவர் அவனையும் உட்கார வைத்துவிட்டுப் பெரியம்மா பக்கம் திரும்பி, “உங்க உடம்புல என்ன நடக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க பெரியம்மா?” என்று கேட்டார். பெரியம்மா கால் மணி நேரம் பேசினார். எந்த மாதம் எந்தப் பக்கம் வலித்தது, எந்த மருந்துக்கு அடங்கியது, அது கட்டி இல்லை கேன்சர்தான் என்பது தனக்கு எந்தப் பெஞ்சில் தெரிந்தது, எல்லாம். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு டாக்டர் ஈரலுக்குப் பரவியிருப்பதைச் சொன்னார். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தை பத்தாம் தேதி பேத்திக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம், தாய்மாமன் சீர் எல்லாம் இருக்கிறது, அதுவரைக்கும் ஊசி வேண்டாம், வாந்தி எடுத்துக்கொண்டு உட்கார முடியாது என்றார். டாக்டர் எட்டி அந்தக் காலண்டரை எடுத்து மேசையில் விரித்தார். தை பத்து எந்தக் கிழமை என்று இரண்டு பேரும் சேர்ந்து தேடினார்கள்.